பலாப்பழம் ஏறிய வண்டி

மே 11, ஞாயிறு

பேனாமேல் கைவைத்து முன்கூட்டியே அறிவித்துவிடுகிறேன்: இனி வரும் பக்கங்களை ஒருவரும் நம்பப்போவதில்லை. நாளைக்கு நானே படித்தால் நம்புவேனா என்பது சந்தேகம். ஆனாலும் சிங்காரவேல் ஆகிய நான், நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்தோரு வருடமாக கன்வேயர் பெல்ட் ஓட்டுபவன், பொய் எழுதமாட்டேன். அதிகபட்சம் கொஞ்சம் பெரிதாக எழுதுவேன்.

இன்று பண்ருட்டியில் ஒரு பலாப்பழம் வாங்கினேன். யானைக்குட்டி அளவு. எட்டுப் பேர் தூக்கி என் காரின் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். வடக்குத்து தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். மாடு நின்றது, வண்டி நின்றது, பழம் நிற்கவில்லை. வெடித்த சத்தத்தில் இரண்டாம் சுரங்கத்தில் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

ராஜாம்பாள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "சத்யா கல்யாணத்துக்கு இன்னும் நாலே வாரம்" என்றாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் திட்டாமல் விட்டதுதான் பயமாக இருக்கிறது.

சத்யப்பிரியா என் அக்கா வள்ளியம்மாளின் பெண். அவளுக்கு ஆறு வயதில் வாக்குக் கொடுத்தேன்: "ஒன் பெண்ணழைப்புக்கு மாமா கார்லதான் கூட்டிக்கினு வருவேன்." அப்போது என்னிடம் கார் இல்லை. அவளை உட்கார வைத்திருந்த சைக்கிளே அத்தானுடையது. ஜூன் 7 சாயங்காலம் குறிஞ்சிப்பாடி அக்கா வீட்டிலிருந்து எங்கள் சுரங்க டவுன்ஷிப் மண்டபம் வரை – வாக்கு வாக்குதான்.

மே 14

நாற்றம் பிறந்துவிட்டது. தாயும் சேயும் நலம்.

மே 16

லீவு போட்டுத் துவைத்தேன். வண்டியைத்தான். மிதியடிகள் கொடியில் காய்கின்றன. ஏசி துவாரங்களைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். பின்சீட்டில் மட்டும் ஷாம்பு கலந்து நாலு வாளித் தண்ணீர். வீராணம் ஏரி ஒரு சாண் இறங்கியிருக்கும்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அறிவுச்செல்வன் காம்பவுண்டில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான். அவனுக்கு வண்டிதான் சாமி.

"அண்ணே, அவ்ளோ தண்ணி ஊத்தாதீங்க. பின்சீட்டத் தூக்கிப் பாத்தீங்களா? அடியில கிளிப் இருக்கும். இழுத்தா கையோட வந்துரும்."

"பதினாலு வருஷம் வச்சிருக்கேன் தம்பி. என் வண்டி எனக்குத் தெரியாதா?"

அந்த சீட்டு கழலும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். அதை அவனிடம் சொல்லுவேனா? அவன் டியூட்டிக்குப் போனபிறகு ரகசியமாக இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கட்டைவிரல் நகம்தான் வந்தது.

மே 20

மூடிய வண்டி, அக்கினி நட்சத்திரம், ஊறிய சீட்டு. பண்ருட்டியிலிருந்து ஒரு தேன்கூடு ஒட்டுமொத்தமாக டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. ஷிஃப்ட் பஸ் எங்கள் தெருவுக்குள் வர மறுக்கிறது.

மே 22

போன் வீடியோவில் ஒருவன் சொன்னான்: வண்டிக்குள் கரி வைத்தால் நாற்றத்தைக் குடித்துவிடுமாம்.

கரியா! யாரிடம் வந்து கரியைப் பற்றிப் பேசுகிறான்! செங்கல் சூளைக்காரரிடம் சொல்லி ஒரு கோணி பழுப்பு நிலக்கரி வாங்கி, நாலு தட்டுகளில் பரப்பி, பூஜை அறை மாதிரி வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன். நாளை வெற்றி.

மே 24

வெற்றி இல்லை.

அவன் சொன்னது அடுப்புக்கரியாம். நம் ஊர்க் கரி பாதிக்குப் பாதி ஈரம். அந்த வெயிலில் காய்ந்து பொரிந்து மாவாகிவிட்டது. எனக்குத் தெரியாதா இது? முப்பத்தோரு வருடமாக பெல்ட்டில் பார்க்கிற விஷயம்தானே? அதுதான் வயிற்றெரிச்சல். தெரிந்தவன் நான், ஏசியை வேறு முழு வேகத்தில் போட்டுத் தொலைத்தேன்.

வண்டிக்குள் ஒரு மூன்றாம் சுரங்கம் திறக்கப்பட்டது. இறங்கி வந்த என்னை ராஜாம்பாள் மேலும் கீழும் பார்த்தாள். "லீவுன்னு சொன்னீங்க. செகண்ட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்ற மாதிரி இருக்கே?"

மே 25, ஞாயிறு

அக்கா போன்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. மாப்ள வூட்டுல புது வண்டி அனுப்புறன்றாங்க. ஏசி எல்லாம் கீது. ஒன் வண்டி நாறிக்கினு கீதுன்னு ராஜாம்பா சொல்லிச்சி. பட்டுப் பொடவ கட்டிக்கினு எப்பிடிடா ஏறும் புள்ள?"

"அது வந்து..." என்று இழுத்தேன். நான்! பேசிப் பேசியே யூனியன் தேர்தலில் தோற்றவன்!

போனை சத்யா பிடுங்கிக்கொண்டாள். "மாமா, உண்மையச் சொல்லு. எவ்ளோ நாறுது?"

"கொஞ்சம்" என்றேன். வாழ்நாளில் நான் குறைத்துச் சொன்ன ஒரே சமயம்.

"சரி, அன்னிக்கு நாலு மணிக்கு வாசல்ல கொண்டாந்து நிறுத்து. மோந்து பாத்துட்டு முடிவு பண்றேன்."

மே 31

ஒரு வாரமாக வேக்குவம் கிளீனரும் நானும்தான் தம்பதிகள். அறிவுச்செல்வனுடையது. உறிஞ்சிய தூளில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரித்து கிரிட்டுக்குக் கொடுக்கலாம். கூரைத் துணியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன், சீட்டுகளைப் பல் விளக்குவதுபோல் விளக்கினேன். மேலே எல்லாம் பளிச். ஆனால் அடியில் எங்கோ அது உட்கார்ந்திருக்கிறது. லேசாக. பலா, ஈரம், ஷாம்பு.

சீட்டைக் கழற்றித் தரச்சொல்லி அறிவுச்செல்வனிடம் கேட்டுவிடலாமா? வேண்டாம்.

ஜூன் 6

நாளைக்கு. சாப்பிடப் பிடிக்கவில்லை. இரண்டு தடவைதான் சாப்பிட்டேன்.

ஜூன் 7, சனி

குறிஞ்சிப்பாடி வாசலில் இரண்டு வண்டிகள். ஒன்று மாப்பிள்ளை வீட்டு வெள்ளை வண்டி, கப்பல் மாதிரி. அதன் பின்னால் என்னுடையது. கப்பலில் தொங்கும் படகு மாதிரி. தெருவே கூடிவிட்டது.

சத்யா பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் வண்டிப் பின்கதவைத் திறந்தாள். குனிந்தாள். அப்படியே நின்றாள். எனக்கு மூச்சு நின்று, வைத்தியர் வந்து, போய்விட்டார்.

"மாமா... வண்டி மொளச்சிருக்கு."

பின்சீட்டு சேரும் இடுக்கில், வெளுத்த ஒரு தண்டு. நுனியில் இரண்டு குட்டி இலைகள். அடியில் மாட்டிக்கொண்ட பலாக்கொட்டை, நான் ஊற்றிய தண்ணீரைக் குடித்து, நான் தூவிய கரியைத் தின்று –

தெருவே சிரித்தது. வெள்ளை வண்டி டிரைவர்கூடச் சிரித்தான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போச்சு. அவ்ளோதான்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எட்டிப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாங்கடி சிரிக்கிறீங்க? நாளைக்குப் பந்தல்ல தெளிக்க வூட்டுக்குள்ள நவதானியம் போட்டுப் பாலிக மொளய வச்சிருக்கோம். இங்க தானா மொளச்சிக்கினு நிக்குது! மொள வுட்ட வண்டிய வேணாம்னு சொல்லக் கூடாது. நல்ல சகுனம். ஏறுடி!"

"நான் எப்பவோ ஏறிட்டேம்மா" என்றாள் சத்யா. உள்ளேயிருந்து. "மாமா, ஜன்னல மட்டும் எறக்கி வுடு."

ஜன்னல் நாலையும் இறக்கினேன். வெள்ளை வண்டி காலியாகப் பின்னால் வந்தது.

ஜூன் 10

அறிவுச்செல்வன் வந்து பின்சீட்டைத் தூக்கினான். 'டக்' என்று ஒரே சத்தம். அடியில் சுளையும் சேறுமாக இருந்ததை இங்கே எழுதமாட்டேன். அவன் கிளிப்பை மட்டும் விரலால் தட்டிக் காட்டினான். 'அன்னிக்கே சொன்னேனே' என்று வாய்விட்டே சொல்லியிருக்கலாம், படுபாவி.

ஜூன் 29, ஞாயிறு

பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். தேன்கூடு டிரான்ஸ்ஃபர் வாங்கவில்லை. ஒரு தேனீ வந்தது. அதுவும் வழி தவறி. பழத்தை எட்டுப் பேர் தூக்கவில்லை, நான்தான் தூக்கினேன். சுரங்கத்தில் வேலை நிற்கவில்லை. மாடுகூட ஆடுதான்.

பலாக்கன்று மட்டும் நிஜம். குவார்ட்டர்ஸ் வாசலில், பாதி உடைந்த வாளியில் நிற்கிறது. இன்று காலை நாலாவது இலை.