எந்த ஊரும்மா?

என் பிரியமான மல்லிகா அக்கா,

உங்களிடம் திட்டு வாங்கத்தான் எழுதுகிறேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. கும்பகோணத்தில் நம்முடைய மனநல ஆலோசனை மையம் வளர்ந்துவிட்டது. ஓர் அறை மூன்றாகிவிட்டது, என்னோடு இன்னும் இரண்டு சைக்காலஜிஸ்ட்கள். ஆனால் உங்கள் ரிசப்ஷன் நாற்காலியில் மட்டும் யாரும் மூன்று மாதம் தங்குவதில்லை.

யார் ஃபோன் செய்தாலும் முதலில் "எந்த ஊரும்மா?" என்பீர்கள். பெயர்கூட அப்புறம்தான். "ஊர்க்கதை கேக்குறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?" என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதுவீர்கள். நீங்கள் போன பிறகு புக்கிங்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது, ஊர் எதற்கு, அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று சொன்னவள் நான்தான்.

பதினோரு நாளுக்கு முன், உங்கள் காலத்தில் வந்துகொண்டிருந்த ஒரு பெண் ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து வந்தாள். பெயரும் ஊரும் இங்கே எழுத மாட்டேன். தனியாக இருக்கவே பயமாக இருக்கிறது என்று முதலில் உங்களிடம்தானே சொன்னாள்? வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவளை, காத்திருந்த ஓர் அம்மாள் பார்த்துவிட்டார். "அடியே, நீ எங்க இங்க?" ஒரே தெருவாம். இங்கே வருவது ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயத்தில், செருப்பைக்கூடப் போடாமல் டவுன் பஸ்ஸைப் பார்த்து ஓடிவிட்டாள்.

"ரெண்டு ரூம் ஃப்ரீயா இருந்துச்சு, அதான் ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் குடுத்தேன் மேடம்" என்று புது ரிசப்ஷனிஸ்ட் அழுதாள். அவளை என்ன சொல்ல? உங்கள் பழைய நோட்டை எடுத்துப் பிரித்தேன். வலங்கைமான் பக்கம், நீடாமங்கலம் பக்கம் என்று எத்தனையோ ஊர்கள். ஒரு நாளில்கூட ஒரே ஊர் இரண்டு முறை இல்லை. அடக் கடவுளே, இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லையே! ஏன் அக்கா சொல்லவில்லை? சொன்னீர்களோ, நான்தான் காதில் வாங்கவில்லையோ?

அவள் ஃபோன் அணைந்தே கிடந்தது. தினமும் காலையில் கதவைத் திறக்கும்போது அந்தச் செருப்புதான் முதலில் கண்ணில் படுகிறது. ஃபோன் அடித்தாலே உங்கள் குரல் கேட்கிறது.

நேற்று அவளே கூப்பிட்டாள். "மல்லிகா அக்கா இருக்காங்களா?" நீங்கள் போனது அவளுக்குத் தெரியாது. "இருக்காங்கம்மா, வியாழக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டேன். பொய்தான். இல்லை என்றால் வைத்துவிடுவாளோ என்ற பயம்.

வியாழக்கிழமை உங்கள் நாற்காலியில் நானே உட்காருகிறேன். அன்று வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு ஊர் கேட்டுவிட்டேன், அவள் ஊரிலிருந்து வேறு யாரும் இல்லை. உண்மையை அவள் முகம் பார்த்துச் சொல்வேன். அதற்கு அவள் வர வேண்டுமே, அக்கா? செருப்பைத் துடைத்து வாசலிலேயே வைத்திருக்கிறேன்.

இனி ஊர் கேட்காமல் ஒருவருக்கும் நேரம் கொடுக்க மாட்டேன். இது சத்தியம்.

கேலி பேசியே கெட்ட,
உங்கள் தங்கச்சி