நீ கேட்டதற்கு நான் சொன்ன ‘ஓம்’

என் உயிர் மச்சான் நேசனுக்கு,

நீ போன பிறகு எனக்குச் செபம் வரவில்லை. முழங்காலில் நிற்கிறேன், கண்ணை மூடுகிறேன், உன் முகம்தான் வருகிறது. கடவுளோடு கதைக்க முடியாமல்தான் உன்னோடு கதைக்கிறேன். உனக்குக் கேட்குமா என்று தெரியாது. எங்கே இருந்து கேட்கிறாய் என்பதுதான் என்னைக் கொல்கிறது.

நாம் யாரென்று தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். சாவகச்சேரிக் கந்தோரில் நம் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. நீ பருத்தித்துறையில் கடலோடிகள் வீட்டுப் பிள்ளை, முருகன் என்றால் உருகிப்போவாய். நான் மானிப்பாயில் மிஷன் சபையிலே பிறந்து வளர்ந்தவன். நெற்றி நிறையத் திருநீறோடு வந்து மத்தியானம் விளைமீன் குழம்பைத் திறப்பாய்.

“சைவக்காரன்ரை சாப்பாட்டைப் பார்” என்பேன்.

“வேதக்காரன் கையை நீட்டாட்டிச் சரி” என்று சொல்லிக்கொண்டே பாதியை என் சோற்றில் ஊற்றுவாய்.

இவ்வளவு கேலி பண்ணினோமே, ஒருநாளாவது ஒருவன் மற்றவனுடைய சாமியில் கைவைத்தோமா? அந்த எல்லையைத் தாண்டியவன் நான்தான். நீ நோயில் விழுந்தாய். ஆசுப்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பஸ் மாறி மாறி உன்னிடம் வந்து, கட்டிலருகே இருந்து, யேசுவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஆள் பிடிக்க வந்தேன் என்று நினைத்தாயா? சத்தியமாக இல்லை. உன்னை இழக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

நீ கோபிக்கவில்லை. முழுவதையும் கேட்டாய்.

“உன்ரை யேசுவை எனக்குப் பிடிக்கும் மச்சான்” என்றாய். “ஆனா இவ்வளவு நாளும் முருகனோடை திரிஞ்சிட்டு, சாகப்போற நேரத்திலை பயத்திலை ஓடி வந்தா, அது உன்ரை கடவுளுக்கே மரியாதையில்லை.”

என் நம்பிக்கையைப் பற்றி நான் சொன்னதைவிட உன்னுடையதைப் பற்றி நீ நேர்மையாகச் சொன்னாய்.

பிறகு ஒரு பின்னேரம் தேத்தண்ணி போடச் சொல்லி உன் மனைவி மலரைக் குசினிக்கு அனுப்பினாய். அவள் போகும்வரை பார்த்துக்கொண்டு கிடந்தாய்.

“மச்சான், மறைக்காமல் சொல்லு. உன்ரை வேதத்தின்படி நான் நரகத்துக்கோ?”

எத்தனை விதமாகச் சமாளித்திருக்கலாம். ‘அது கடவுளுக்குத்தான் தெரியும்’ என்றிருக்கலாம். ‘விசர்க் கதை கதையாதை’ என்று தோளில் தட்டியிருக்கலாம். நீ என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாய். பொய் சொன்னால் அந்தக் கணமே கண்டுபிடித்திருப்பாய்.

“ஓம்” என்று தலையை ஆட்டினேன்.

நீ சிரித்தாய். “பார், ஓம் சொல்லித்தான் அனுப்பிவைக்கிறாய். எங்கடை ஐயர் செய்யிற வேலையெல்லே இது.” இருமல் வந்தும் சிரித்தாய். நானும் சிரித்துத் தொலைத்தேன். “பொய் சொல்லியிருந்தியெண்டால்தான் கோவிச்சிருப்பன்” என்று என் கையைப் பிடித்தாய்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன். வாசலுக்கு வந்ததும் கூப்பிட்டாய். “போகேக்கை லைற்றைப் போட்டிட்டுப் போ, மச்சான்.”

வெளியே வெயில் எரித்துக்கொண்டிருந்தது. யன்னலெல்லாம் திறந்துதான் கிடந்தது. நான் ஒன்றும் கேட்காமல் சுவிச்சைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கிழமை முடியமுன்னமே நீ போய்விட்டாய்.

பயந்தாயா, நேசன்? என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லாலா? இல்லாவிட்டால் நோயில் கண் மங்கி, சும்மாதான் கேட்டாயா? மலரிடம் கேட்கலாம். கேட்க எனக்குத் தைரியமில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கு வந்திருந்தேன். உன் மகன் தண்ணீரில் நின்று உனக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். கோயிலில் உன் பெயருக்கு மோட்ச அர்ச்சனையும் செய்தார்கள். “அண்ணை, நீங்களும் அவருக்காக ஒருக்கால் கும்பிடுங்கோ” என்றாள் மலர். கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். குருநகர்க் கத்தோலிக்கர்கள் செத்தவருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள். எங்கள் சபையில் அது கிடையாது. உயிரோடு இருக்கிறவனுக்காக எவ்வளவும் மன்றாடலாம், மூச்சு நின்றதும் வாயை மூடிவிட வேண்டும்.

போதகரிடம் போய்க் கேட்டேன். இளம் பெடியன், நல்ல மனம். “அண்ணை, செத்தவைக்குச் செபிக்கிறது எங்கடை வழக்கமில்லை. தேவன்ரை கையிலை விடுங்கோ” என்றார். தேவனுடைய கையில் விட்டால் என்ன செய்வார் என்று உனக்கு நானே சொல்லிவிட்டேனே.

போன ஞாயிறு ஆராதனையில் நோயாளிகளுக்காக மன்றாடும் நேரம் வந்தது. அவரவர் தங்களுக்கு வேண்டியவர்களின் பெயரைச் சத்தமாகச் சொன்னார்கள். என் வாய் தானாகத் திறந்தது. “பருத்தித்துறை சிவநேசன்” என்றேன்.

பின்வரிசை வாங்கிலிருந்த அன்னம் அக்கா தோளைத் தொட்டார். “தம்பி, அவர் காலமாயிட்டாரெல்லே?”

“ஓம் அக்கா, தெரியும்.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. போதகருக்கு விளங்கியது. எல்லாப் பெயரையும் திருப்பிச் சொல்லிச் செபித்தவர் உன்னுடையதை மட்டும் விட்டுவிட்டார். முடிந்ததும் வாசலில் வந்து, “இனி அப்பிடி வேண்டாம் அண்ணை, சனம் குழம்பிப்போகும்” என்றார். சனம் குழம்பட்டும். நான் குழம்பி எவ்வளவு காலம்.

நம்பிக்கையை விட்டுவிட்டால் சுகமாக இருக்கும் என்று நீ நினைக்கலாம். முடியவில்லையடா. விட்டால் எனக்குக் கடவுள் இல்லை, விடாவிட்டால் உனக்கு மோட்சம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படி நித்திரை கொள்வது? முட்டி மோதிப் பார்த்துவிட்டேன், வழி தெரியவில்லை.

ஒன்றை மட்டும் சத்தியம் பண்ணித் தருகிறேன். உனக்குச் சொன்னது பொய் என்று இப்போது சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஞாயிறு தவறாமல் நோயாளிகளோடு உன் பெயரைச் சொல்வேன். சபையை விட்டு விலக்கினால் றோட்டில் நின்று சொல்வேன். எனக்கும் ஒருநாள் வரும். மோட்ச வாசலில் நின்று முதலில் உன்னைத்தான் விசாரிப்பேன். நீ உள்ளே இல்லை என்றார்களானால், மற்றப் பக்கத்துக்கு எது வழி என்று கேட்டுக்கொண்டு நடந்து வருவேன்.

உன் வேதக்கார மச்சான்,
தேவதாசன்