ஜாவாக்காரனுக்கும் ஓர் இலை

ஆறுச்சாமி, என் கூடப்பிறந்த தங்கமே,

நீ போன பிறகு வந்த முதல் ஆடி அமாவாசை நேற்று கழிந்தது. உனக்குப் படையல் போட்டோம். நீ கேட்டபடி பக்கத்தில் இன்னொரு இலையும் போட்டேன். அதற்காகப் பங்காளிகளில் பாதிப் பேர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும் என்று வாசகசாலைப் பலகையில் ஒட்டப் போகிறேன்.

பட்டாளத்திலிருந்து திரும்பிய நாள் முதல், சாப்பிடும்போது ஒரு பிடி சோற்றை ஒதுக்கி வைப்பாய். காக்கைக்கு என்று அம்மா நினைத்தாள். படுக்கையில் விழுந்த பிறகுதான் என்னிடம் சொன்னாய். ஜப்பான்காரன் தோற்றுவிட்டான், அமைதி காக்கப் போகிறீர்கள் என்று சொல்லி வெள்ளைக்காரன் உங்களை ஜாவாவுக்குக் கப்பலேற்றினான். அங்கே அந்த ஊர்ச் சனங்கள், இனி எங்களை நாங்களே ஆள்வோம் என்று கொடி ஏற்றியிருந்தார்கள். அவர்கள் தலையில் பழைய டச்சுக்கார எசமானைத் திரும்ப உட்காரவைக்க உங்கள் துப்பாக்கி. வரப்பில் மூங்கில் ஈட்டியோடு ஓடிவந்த ஒருவனை நீ சுட்டாய்.

"நம்ம வயலாட்டமே இருந்துச்சுங்ணா. சேத்துல உழுந்துட்டு என்னையே பாத்தான். எனக்கும் அவனுக்கும் என்ன பகைங்ணா? என்ற எலைக்குப் பக்கத்துல அவனுக்கும் ஒண்ணு போட்ருங்க."

நேற்று அந்த இலையை விரித்ததும் பங்காளி வீட்டுப் பழனிச்சாமி சிரித்தான். "ஏனுங் பெரிப்பா, தமிழே தெரியாத ஆவிய எந்த பஸ்ஸுல வரச் சொன்னீங்க?"

"உன்ற சித்தப்பன் வழி கேட்டுட்டா அவனூருக்குப் போனான்? அவனும் வருவான்."

"ஊரு பேரு தெரியாதவனுக்கு நம்ம கொலத்துப் படையல்ல எலையா? அப்ப நாங்க கை நனைக்க மாட்டமுங்க."

"நனைக்காட்டிப் போ. சோறு மிஞ்சுனா மாடு திங்கும்."

போய்விட்டார்கள். உன் மனைவி இரண்டு இலைக்கும் ஒரே அளவாகப் பருப்பு ஊற்றினாள்.

ரேடியோவைத் திறந்தால் வியட்நாம். கொடி வேறு, கப்பல் வேறு. வார்த்தை மட்டும் உனக்குச் சொன்ன அதே வார்த்தை. அந்தச் சனங்களைக் காப்பாற்றத்தான் குண்டு போடுகிறார்களாம். நல்ல அரசு கொடுப்பார்களாம். நம் வீட்டில் யார் மூத்தவன் என்று அடுத்த ஊர்க்காரன் தடியோடு வந்து தீர்த்துவைத்தால் இந்தப் பங்காளிகள் ஒப்புவார்களா? கெட்ட வீடாகவே இருக்கட்டும், திருத்த வேண்டியவன் அந்த வீட்டுக்காரன். டீக்கடையில் இதைச் சொன்னால், "எந்தூரு வம்போ, உங்களுக்கெதுக்குங்க?" என்கிறார்கள். அந்த வம்புக்குப் போனவன் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்து டீ குடித்தான் என்று யாருக்கும் நினைவில்லை.

நேற்று முதலில் அவன் இலையை உனக்கு எதிரே போட்டேன். மனம் கேட்கவில்லை. எதிரெதிரே நின்றுதானே அன்று பார்த்துக்கொண்டீர்கள்? எடுத்து, பந்தியில் போடுவதுபோல் உன் பக்கத்தில் போட்டேன். வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். உள்ளே சத்தமே இல்லை. வந்தானா? உன் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டானா?

திறந்தபோது இரண்டு இலையும் வைத்தது வைத்தபடியே இருந்தன.

வருகிற ஆடிக்கும் போடுவேன். பங்காளி ஒருத்தன்கூட வராவிட்டாலும் போடுவேன். என் கை ஓயும்வரை போடுவேன். நீ ஒன்று மட்டும் செய். அவன் வந்து உட்காரும்வரை சோற்றில் கை வைக்காதே.

உனக்கு முன் பிறந்து, உனக்குப் பின் இருக்கும்
உன் அண்ணன் நாச்சிமுத்து