சத்தம் போடாதீர்

2006, தை மாதம், ஞாயிறு இரவு.

மேகமலைக் காட்டில் தாய் யானையும் குட்டியும் எங்கள் வேனுக்கு முன்னால் வந்து நின்றன. பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்யும் என் மச்சினன் பயந்துபோய், பையிலிருந்து சரவெடியை எடுத்தான்.

"மச்சான், ஒண்ணு போட்டா ஓடிரும்."

குட்டி மிரண்டால் தாய் எங்கள்மேல் பாயும். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொறுலே. வேன் லைட்டு வெளிச்சத்துல அந்தா ரோட்டோரத்து போர்டுல என்னமோ எழுதியிருக்கு, வாசிக்கேன்."

போன வருஷம்தான் நான் எழுத்துக் கற்றேன். "ச... த்... த..." என்று கூட்டினேன்.

"விடிஞ்சிரும் போல! சீக்கிரம் வாசிங்க."

"இரு, 'ம்' வந்திருச்சு."

குட்டி தாயின் காலுக்குள் புகுந்து விளையாடியது. கண் குளிரப் பார்த்தேன். பிறகு இரண்டும் மெதுவாக மரங்களுக்குள் போயின.

"முடிச்சிட்டீகளா மச்சான்?"

"சத்தம் போடாதீர்னு போட்டிருக்குலே."

அதை முதல் பார்வையிலேயே வாசித்துவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை.