குடித்தேன் என்று சொன்னேன்

ஜூலை 11, வியாழன்
காலையில் இன்சுலின் ஊசி போட்டேன். இரண்டு இட்லி. ஆறரைக்குப் பள்ளி வேனை எடுத்தாக வேண்டும். "ஊசி போட்டா வயிறார சாப்பிடணும்னு டாக்டர் சொன்னாருல்ல?" என்றாள் மனைவி பாக்யலட்சுமி. நேரமில்லை.

ஜூலை 15, திங்கள்
எனக்கு நினைவிருப்பது: சிறுவாச்சூரில் கோயில் கூட்டம். ஹாரன் அடித்தேன். கை வியர்த்தது. அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் சொல்லக் கேட்டது. பள்ளிக்குத் திரும்பும் இடத்தில் நான் திரும்பவில்லை. நெடுஞ்சாலையில் நடுக்கோட்டின் மேலேயே ஊர்ந்து போயிருக்கிறேன். உள்ளே பதினேழு பிள்ளைகள். வேன் ஆயா பூங்காவனம் அக்கா கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. அவர்தான் சாவியைத் திருகி அணைத்தார். வண்டி மண்ணில் இறங்கி நின்றது. நான் அவரைப் பிடித்துத் தள்ளினேனாம். அவருக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை.

கூடியவர்கள் குடிகாரன் என்று தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். போதை தெளியட்டும் என்று ஒருவர் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அந்தச் சர்க்கரையில்தான் தெளிந்தேன்.

ஜூலை 16
தாளாளர் அறை. அக்கா கட்டுப் போட்ட கையோடு நின்றார். "நான் பக்கத்துலயே இருந்தேன் சார். வாயில வாடையே இல்ல. உடம்புக்கு என்னமோ ஆயிடுச்சு."

தாளாளர் என்னைப் பார்த்தார். "சுகர் இருக்கா?"

சுகருக்கு ஊசி போடுகிறவனை நம்பி யார் வேன் கொடுப்பார்கள்? போன வருடம் இன்னொரு வேன் டிரைவர் ராஜவேல் குடித்து மாட்டினான். இரண்டு வாரம் நிறுத்திவிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். டிரைவர் கிடைப்பதில்லை.

"ராத்திரி கொஞ்சம் குடிச்சிட்டேன் சார்" என்றேன்.

எழுதி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வாரம்.

ஜூலை 22
குடிகாரனுக்குப் பரிந்து பொய் சொன்னார் என்று அக்காவை வேனிலிருந்து எடுத்துவிட்டார்களாம். கக்கூஸ் கழுவ விட்டிருக்கிறார்கள். அந்தக் கையோடு.

ஜூலை 27, சனி
கண் விழித்தபோது தலை பாக்யாவின் மடியில். ஈறெல்லாம் சர்க்கரை. மகள் அபிநயா கதவோரம் அழுதுகொண்டு நின்றாள். அவளைப் பார்த்து "யாரு நீ?" என்று கத்தினேனாம். சுகர் மீட்டரில் வெறும் 38.

"அன்னைக்கு வேன்லயும் இதானே?" என்றாள் பாக்யா. "குடிச்சேன்னு எங்கிட்டயும் சொன்னீங்களே."

மடியிலிருந்து எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என்ன மனுசன் நான்? பதினேழு புள்ளைங்க — இன்னும் மூணு நாள்ல திரும்ப வண்டி எடுக்கப் போறேன் — எதுக்கு? கொன்னுட்டு வர்றதுக்கா?

ஜூலை 29, திங்கள்
சுகருக்கு ஊசி எழுதிக் கொடுத்த டாக்டர் சீட்டைத் தாளாளர் மேஜையில் வைத்தேன். அக்கா சொன்னது உண்மை, நான் எழுதிக் கொடுத்தது பொய் என்றேன். "இனி இங்க வண்டி தொடக்கூடாது" என்றார். அக்காவை மறுபடி வேனில் போடச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

ஆகஸ்ட் 1
அக்கா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. "நான் பொய் சொல்லலன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே எம் மொகத்தப் பாத்து சொன்னீங்களே தம்பி" என்றார். வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19
மக்காச்சோள மண்டியில் எடை போடும் வேலை. முதல் நாளே கூட இருப்பவர்களிடம் சொல்லிவிட்டேன்: நான் உளறினால் சர்க்கரை கொடுங்கள், மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

செப்டம்பர் 14, சனி
காலையில் அக்காவிடமிருந்து போன். ஆகஸ்டுக்குப் பிறகு இப்போதுதான் குரல் கேட்கிறேன்.

"புது டிரைவர் தமிழரசன் பையில சுகர் ஊசி மருந்து பாத்தேன் தம்பி. யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு கையெடுத்துக் கும்புடுறாரு. ரெண்டு பொண்ணு அவருக்கு. நீங்க சொன்னா கேப்பாரா?"

"மொதல்ல கேக்க மாட்டாருக்கா."

"கேக்கலன்னா திங்கக்கெழம நானே சார்ட்ட சொல்லிடுவேன்."

"நானும் வரேன்" என்றேன்.

குரும்பலூரில் தமிழரசன் வீடு. அக்கா பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். கிளம்புகிறேன்.