சிறு திருத்தங்கள்

ஜூன் 3

தம்பிக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன். எங்கள் மையத்தின் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து அறையில் ஆலோசனைக்கு வந்த பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

எங்கள் இணையதளத்தில் நீ செய்து மாட்டிக் கொடுத்த ப்ளகின் இருக்கிறதே, பெண்கள் சந்திப்புக்கு நேரம் கேட்டுப் பெயர், முகவரி, எந்த நேரத்தில் அழைத்தால் ஆபத்தில்லை என்பதையெல்லாம் எழுதும் அந்தப் படிவம், அதன் வழியாக ஒருவன் உள்ளே வந்திருக்கிறான். கணவனுக்குத் தெரியாமல் தனி அறை எடுத்துத் தங்கியிருந்த தையல்காரியைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அவளுடைய கணவன்தான்.

எங்கள் கணினி வகுப்பில் சேர்வதுபோல ஏதோ ஒரு பெண் பெயரில் கணக்குத் தொடங்கினான். ஒரு படிவத்தை நிரப்பினான். அதைத் திறந்தபோது மேலே தளத்தின் முகவரி தெரியும் இடத்தில், கடைசியாக ஓர் எண் இருந்தது. அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே போனான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெண்ணின் படிவம் வந்தது. காவல் நிலையத்தில் இதைப் பெருமையாகவே சொன்னான்: "நான் ஒண்ணும் திருடல சார், அதுவாத்தான் காட்டுச்சு."

அவளுடைய வலது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. அறை போயிற்று, மகளின் பள்ளி போயிற்று. மறுபடியும் எப்போது தைக்க முடியும் என்று மருத்துவரைக் கேட்டேன். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். இந்த ஓட்டை உனக்குத் தெரியுமா, தெரியாதா?

அக்கா


ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்த அம்மாவுக்கு நடந்தது கொடுமை.

கேட்டதற்குப் பதில்: தெரியும். மார்ச்சில் முன்பின் தெரியாத ஒரு கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் எழுதினார். இப்படி ஓட்டை தேடுவதையே வேலையாக வைத்திருப்பவர்கள் உண்டு. படிவத்தைக் காட்டும் முன் எங்கள் நிரல் "உனக்குக் கணக்கு இருக்கிறதா?" என்று மட்டும்தான் கேட்கிறது, "இது உன்னுடைய படிவமா?" என்று கேட்பதே இல்லை என்றார். சரிதான். கைப்பிசகு. நடுவில் வேறு வேலைகள் வந்துவிட்டன. ஆனாலும் மே முதல் வாரத்தில் அடைத்துப் புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டோம். உங்களுக்கும் அப்டேட் செய்யச் சொல்லி அறிவிப்பு வந்திருக்கும். யாரும் அழுத்தவில்லை போலிருக்கிறது. குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வேண்டுகோள். இது காவல் நிலையத்தோடு நிற்கட்டும். ஒரு பெரிய நிறுவனம் எங்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் பேசிக்கொண்டிருக்கிறது. என்னை நம்பிப் பலர் வேலை செய்கிறார்கள். அத்தானிடம்கூடச் சொல்லாதே, அவரிடம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்று.

உன் அன்புத் தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

யாரும் அழுத்தவில்லை என்கிறாய். அழுத்தினோம், மே மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. அதற்கு இரண்டு வாரம் முன்பே அவன் வந்து போய்விட்டான்.

ஏன் கடைசிச் சனிக்கிழமை? போன வருடம் ஓர் அப்டேட்டை அழுத்தியதும் படிவமே காணாமல் போனது. நீ வந்து சரிசெய்தாய். கிளம்பும்போது எங்கள் கணக்கரைக் கூப்பிட்டு, "வந்ததும் வராததுமா கையை வெச்சுக் கெடுத்துக்காதீங்க சார். கீழே என்ன எழுதியிருக்குன்னு படிங்க. பாதுகாப்புன்னு போட்டிருந்தா அந்த நிமிஷமே அழுத்துங்க. மத்ததெல்லாம் மாசக் கடைசியில போதும்" என்றாய். அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மே மாதமும் படித்திருக்கிறார். நேற்று எனக்கும் காட்டினார். "சிறு திருத்தங்கள், தோற்ற மேம்பாடு." நீ எழுதியது அவ்வளவுதான்.

"பாதுகாப்புன்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா விட்டிருப்பேனா மேடம்?" என்று என் முன்னால் நின்று அழுதார். ஓய்வு பெறப்போகிற மனிதர். அது அவர் அழ வேண்டிய அழுகையா?

பட்டனுக்கு நிறம் மாற்றியது தோற்ற மேம்பாடு. ஒரு பெண்ணின் வீட்டு வாசலைத் தெருவில் போகிறவனுக்கெல்லாம் திறந்துவைத்திருந்ததை அடைத்தது சிறு திருத்தம். மார்ச்சில் தெரிந்ததை மே வரை ஆறப்போட்டாயே, அதற்கு என்ன பெயர்? கைப்பிசகை நான் மன்னிப்பேன். யாருக்கும் கை பிசகும். ஆனால் 'சிறு திருத்தங்கள்' என்பதை நீ நிதானமாக உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறாய்.

இன்னும் பழைய பதிப்பிலேயே இருக்கும் தளங்கள் எத்தனையோ. பள்ளிகள் இருக்கும், மருத்துவமனைகள் இருக்கும், எங்களைப் போன்ற மையங்களும் இருக்கும். அவர்களும் நீ எழுதியதை நம்பிச் சும்மா இருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எல்லோருக்கும் உண்மையை எழுது. நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன். மிரட்டலாகத் தெரிகிறதா? மிரட்டல்தான்.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். ஆனால் நாள் முழுக்க அடுத்தவர் வழக்கைக் கேட்டுக் கேட்டு, சொந்தத் தம்பியையும் கூண்டில் ஏற்றித்தான் பார்ப்பேன் என்கிறாய்.

எங்கள் வக்கீல் பார்த்துக் கொடுத்த அறிவிப்பை அனுப்புகிறேன். உன்னைப்போல எழுத யாருக்கு வரும்? ஒற்றுப்பிழை இருந்தால் திருத்திக் கொடு.

"எங்கள் முந்தைய பதிப்பில், சில அரிதான சூழல்களில், குறிப்பிட்ட சில தகவல்கள் எதிர்பாராத வகையில் காணப்படக்கூடிய வாய்ப்பு இருந்திருக்கலாம். அன்புகூர்ந்து வசதிப்படும்போது புதுப்பித்துக்கொள்ளவும்."

சேர்ப்புப் பேச்சு முடிந்ததும் வெளியிடலாம் என்கிறார். இன்னும் ஒரு மாதம் ஆகலாம். அதுவரை பொறுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா? நேரில் பேசினால் என் நிலைமை உனக்குப் புரியும்.

உன் அன்புத் தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லை. உங்கள் வக்கீல் கவனமானவர். மற்றதெல்லாம் பிழை. விரலால் ஓர் எண்ணை மாற்றுவது அரிதான சூழலா? வீட்டு முகவரியை வீட்டு முகவரி என்று எழுத ஏன் கூசுகிறது? காணப்படக்கூடிய என்றால், யாரால்? வாய்ப்பு இருந்திருக்கலாமாம். அவள் கை உடைந்துவிட்டதடா. 'வசதிப்படும்போது' என்ற இடத்துக்கு வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நேற்று மாலைவரை காத்திருந்தேன். இன்று காலை நானே எழுதி, எனக்குத் தெரிந்த எல்லா மையங்களுக்கும் அனுப்பிவிட்டேன். உனக்கு எழுதிய அந்த ஆய்வாளரையும் தேடிப்பிடித்து அனுப்பினேன். எல்லோரும் பார்க்கும்படி அவர் இன்றே வெளியிடுகிறாராம். எழுதியது இது:

"இந்தப் படிவ ப்ளகினின் மே மாதத்துக்கு முந்தைய பதிப்புகளில் பாதுகாப்பு ஓட்டை உள்ளது. கணக்கு வைத்திருக்கும் எவரும் பிறர் நிரப்பிய படிவங்களைப் படிக்கலாம். ஒருவன் படித்தான், ஒரு பெண் தாக்கப்பட்டாள். இந்த நிமிடமே புதுப்பியுங்கள். ப்ளகினைச் செய்தவர்களுக்கு இது மார்ச் மாதமே தெரியும்."

அவளைக் கேட்டுத்தான் அவளைப் பற்றி எழுதினேன். "பேரை மட்டும் போடாதீங்க, மத்ததெல்லாம் போடுங்க" என்றாள். பிறகு, "அந்த ஃபாரத்தைச் செஞ்சது யாரு மேடம்?" என்றாள். என் தம்பி என்றேன். கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். இப்போது என்னிடம் வருவதில்லை. பக்கத்து அறை ஆலோசகரிடம் போகிறாள். போகட்டும். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

உன் ப்ளகினைக் கழற்றியாயிற்று. சேர்த்துக்கொள்ள வந்தவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். அறிவிப்பின் கீழே என் பெயருக்குப் பக்கத்தில் 'செய்தவரின் அக்கா' என்று போட்டிருக்கிறேன். அதை விட்டிருந்தால் நானும் உன் வக்கீலைப்போல எழுதியவள் ஆவேன்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. கோபம் ஆறினால் நானே எழுதுவேன். ஆறும் என்று சொல்ல முடியவில்லை. ஊரறிய அங்கே அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தின் கீழே 'அக்கா' என்று போடத்தான் கை வரவில்லை.