கரகரப்பு உங்க தொண்டையில இல்லை

என்னங்க,

இன்னைக்கு வாசிக்க வேண்டாம். உங்க தொண்டையில ஒரு குறையும் இல்லை. அந்தக் கரகரப்பு என் வேலை.

போன வாரம் லிஃப்ட் அறிவிப்புக்காக பதிவை எட்டு பிட்ல, அதாவது மட்டமான தரத்துல, ஃபைலா எடுத்தேன். அந்த செட்டிங்கை நல்ல தரமான இருபத்துநாலுக்கு மாத்தாமலே, ஒலிப்புத்தகத்துக்கு நீங்க வாசிச்ச கதையையும் ஃபைலா எடுத்துட்டேன். எட்டுல மெதுவா பேசினதெல்லாம் இரைச்சலாத்தான் வரும். அது தெரிஞ்ச நானே கதையில வர்ற அழுகைப் பக்கத்தை உங்களை ஏழு தடவை வாசிக்க வச்சேன். "வயசாகிடுச்சு, ஒத்துக்கோங்க"ன்னு நம்ம பொண்ணு முன்னாடியே சொன்னேன். நீங்க எழுந்து போய் வெந்நீர் குடிச்சீங்க. இப்ப நினைச்சா உடம்பு கூசுது.

காலையில மூலப் பதிவை இருபத்துநாலுல எடுத்துக் கேட்டேன். நீங்க முதல் தடவை வாசிச்சதே அவ்வளவு சுத்தமா இருக்கு.

ஃபிரிட்ஜ்ல பால் கெட்டிருக்கும், கொட்டிடுங்க. சத்தம் அதுலேர்ந்துதான் வருதுன்னு ப்ளக்கைப் பிடுங்கினதும் நான்தான். சூப் அடுப்பு மேல இருக்கு.

பதிப்பகத்துலயும் உங்க தொண்டை மேலதான் பழி போட்டிருந்தேன். நேர்ல போய் உண்மையைச் சொல்லிட்டு வந்துடறேன்.

பி.கு.: சாயங்காலம் வரைக்கும் பேசாதீங்க, ஏழு தடவை வாசிச்ச தொண்டை ஆறட்டும். திட்டணும்னா பின்பக்கம் எழுதி வைங்க. முழுசா காலியா விட்டிருக்கேன்.